யூத நண்பர் வீட்டுக்குக் கைவேலைப் பரிசு: ஜெருசலேம் கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இஸ்ரேலில் ஆய்வுக்கோ வேலைக்கோ வந்து கொஞ்ச காலம் ஆனால் இந்தத் தேவை தானாக வந்து நிற்கும். கூட வேலை பார்ப்பவருக்குக் கல்யாணம். பேராசிரியர் புது வீட்டுக்குக் குடி போகிறார். நீங்கள் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் பேரனுக்கு 13 வயது நிறைந்து பார் மிட்ஸ்வா சடங்கு. சாக்லெட் டப்பாவோடு போய் நிற்க மனசு வராது. அவர்கள் வீட்டில் வாரா வாரம் எடுத்துப் புழங்குகிற மாதிரி, கையால் செய்த நல்ல பொருள் ஒன்று கொடுக்க வேண்டும் என்று தோன்றும்.

கடைக்குள் போனால் தலை சுற்றும். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு வெள்ளிக் கோப்பைகள் இருக்கும், ஒன்றின் விலை மற்றதைப் போல நாலு மடங்கு. கேட்டால் கடைக்கு ஒரு விளக்கம். எதை நம்புவது என்று தெரியாமல் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. ரபி என்கிற யூத மதகுரு ஒருவர், மறைநூல் எழுத்தர் ஒருவர், வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அளவு, வடிவம், செய்த பொருள் பற்றி 'ஹலாகா' என்கிற சமயச் சட்டம் பேசுகிறது. அதற்குப் பொருந்தாத கோப்பை எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணாடி அலமாரியில்தான் உட்காரும். அழகுக்கும் அங்கே நல்ல மரியாதை உண்டு. கடமையை அழகான பொருளால் செய்வதற்கு 'ஹித்துர் மிட்ஸ்வா' என்று பெயர். அதற்காக மூன்றில் ஒரு பங்கு கூடச் செலவழிக்கலாம் என்று யூதச் சமயச் சட்ட நூலான தல்மூதே கணக்குச் சொல்கிறது. ஆனால் முதலில் பொருந்த வேண்டும், அப்புறம்தான் அழகு.

1. பணப்பையை எடுக்குமுன் கேட்க வேண்டியவை

குடும்பம் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கிறது? வெள்ளி மாலை முதல் சனி இருட்டும்வரை வரும் ஓய்வுநாளான ஷப்பாத்தில் போனைக்கூடத் தொடாதவர்களா, வெள்ளிக்கிழமை இரவு விளக்கேற்றிச் சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்பவர்களா, டிசம்பர் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவையும் வசந்தகாலப் பண்டிகையான பெசாவையும் மட்டும் கொண்டாடுபவர்களா? முதல் வகையினருக்கு வாங்கும்போது அளவும் சான்றும் பார்த்தே ஆக வேண்டும். கடைசி வகையினருக்கு ஹனுக்கியா என்கிற ஹனுக்கா விளக்கோ மெழுகுவர்த்தித் தாங்கியோ பெரும்பாலும் பொருந்தும்.

பூர்வீகம் எது? ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாஸி குடும்பத்துக்கும், மொராக்கோ, ஈராக், ஏமன் வழிவந்த குடும்பங்களுக்கும் வழக்கம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? இதை மணமக்களிடமே கேட்கத் தயக்கமாக இருந்தால் அவர்களுடைய அக்காவையோ நெருங்கிய நண்பரையோ கேளுங்கள். இந்த ஊரில் நேராகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

தருணத்துக்கு ஏற்றது எது என்று ஒரு தோராயக் கணக்கு: புது வீடு என்றால் வாசல் நிலையில் பொருத்தும் மெசூசா உறை. கல்யாணம் என்றால் மெழுகுவர்த்தித் தாங்கி, ஆசி சொல்லிக் குடிக்கும் கிடுஷ் கோப்பை, ஹல்லா என்கிற ஷப்பாத் ரொட்டிக்கான பலகை. பார் மிட்ஸ்வா என்றால் பையனுக்கென்றே ஒரு கோப்பை. புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு விருந்துக்குப் போனால் தேன் கிண்ணம்.

தொழுகைச் சால்வையான தல்லீத்தை நீங்களாக வாங்கவே வேண்டாம். அஷ்கெனாஸி குடும்பங்கள் பலவற்றில் அதைக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுப்பது வழக்கம். நாம் குறுக்கே புகுந்தால் சங்கடம். அளவும் வேலைப்பாடும் ஊருக்கு ஊர் மாறும், கம்பளியும் லினனும் (ஆளி நார்) கலந்த துணிக்குத் தடையும் உண்டு. ஆசையாக இருந்தால் தல்லீத் வைக்கும் பூவேலைப் பையைக் கொடுங்கள். 'கெத்துபா' என்கிற திருமண ஒப்பந்த ஏடும் அப்படித்தான். எழுத்துக்கலையாக வரைந்து தருபவர்கள் நிறைய உண்டு, பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் வாசகத்தை மணம் செய்துவைக்கும் ரபி பார்த்து ஒப்ப வேண்டும், மணமக்களின் ஹீப்ரு பெயர், பெற்றோர் பெயர், ஹீப்ரு நாள், ஊர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் வேண்டும். செலவை ஏற்றுக்கொண்டு, தேர்வை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

2. மெசூசா: உறை வேறு, ஏடு வேறு

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாசல் நிலையில் சாய்வாகப் பொருத்தியிருக்கும் அந்த நீளமான உறையைத்தான் நாம் மெசூசா என்று நினைத்துக்கொள்கிறோம். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல் ஏடுதான் மெசூசா. அதற்குக் 'கிளாஃப்' என்று பெயர். வேதாகமத்தின் உபாகமம் 6, 11 ஆகிய அதிகாரங்களிலிருந்து இரண்டு பகுதிகள், 713 எழுத்துகள், 22 வரிகள். 'சோஃபெர்' எனப்படும் பயிற்சி பெற்ற எழுத்தர் இறகுப் பேனாவால் கோஷர் (சமயச் சட்டம் உண்ண அனுமதிக்கும்) விலங்கின் தோலில் கையால் எழுத வேண்டும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வரிசை மாறக் கூடாது. நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனால் பின்னால் வந்து செருக முடியாது. ஓர் எழுத்து செல்லாமல் போனாலும் ஏடு முழுக்கச் செல்லாது.

இதனால்தான் விலை ஏறுகிறது. நம்பகமான ஒரு கிளாஃப் பொதுவாக 50 டாலரை ஒட்டித் தொடங்கி, எழுத்தழகைப் பொறுத்து 200 டாலரையும் தாண்டும். சுற்றுலாத் தெருவில் உறையோடு சேர்த்துப் பத்து டாலருக்குக் கிடைத்தால் உள்ளே இருப்பது அச்சடித்த காகிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே ஒரு கடையில் அழகான கண்ணாடி உறையோடு 'கோஷர்', அதாவது சட்டப்படி செல்லும் ஏடு, என்று சொல்லித் தலையில் கட்டப் பார்த்தார்கள். பிரித்துக் காட்டச் சொன்னபோது காகிதச் சுருள்தான் வந்தது.

கையெழுத்தா அச்சா என்று கண்டுபிடிக்க ஒரு வழியை எழுத்தர் காட்டினார். மேசை விளக்கின் கீழே ஏட்டைச் சாய்த்துப் பிடித்தார். மையே இல்லாமல் தோலில் கீறிய கோடுகள் வரிக்கு வரி தெரிந்தன. நாம் நோட்டில் கோட்டின் மேல் எழுதுகிறோம். இங்கே எழுத்துகள் கோட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. மை தோலின்மேல் லேசாகப் புடைத்து, சாய்க்கச் சாய்க்க மினுங்கியது. சில எழுத்துகளின் தலையில் முடிபோல மெல்லிய கீற்றுகள். ஓரிடத்தில் பூதக்கண்ணாடியை நிறுத்தி, "இந்த இரண்டு எழுத்தும் ஒட்டியிருந்தால் இதைத் தூக்கி வைத்துவிடுவேன்" என்றார். நடுவில் இருந்த இடைவெளி மயிரிழைதான். அச்சில் கீறல் கோடும் இருக்காது, புடைப்பும் இருக்காது.

ஆனாலும் நீங்கள் யூதர் இல்லையென்றால் என் யோசனை இதுதான்: உறையை மட்டும் கொடுங்கள். ஏட்டை அவர்கள் தங்கள் ரபி சொல்லும் எழுத்தரிடம் வாங்கிக்கொள்ளட்டும். பொருத்துவதும் அவர்கள் வேலை, அதற்கென்று ஓர் ஆசி சொல்லிப் பொருத்துவார்கள். ஏட்டின் செலவும் உங்களுடையதாக இருக்கட்டும் என்று தோன்றினால் அந்தத் தொகையை ஒரு காகிதக் கவரில் வைத்துக் கொடுத்துவிடலாம்.

உறை வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏடுகள் பெரும்பாலும் 10, 12, 15 செ.மீ. உயரத்தில் வருகின்றன. உறையின் வெளி நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே எத்தனை செ.மீ. இருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். ஏட்டை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். 12 செ.மீ. ஏடு 11 செ.மீ. குழிக்குள் போகாது. வீட்டு வாசலுக்கு என்றால் மழையும் வெயிலும் படும், பின்பக்கம் மூடியிருக்கிற உலோக உறை நல்லது. பீங்கானும் கண்ணாடியும் உள்ளறைக்குச் சரி. மேலும் கீழும் திருகு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அகலமும் முக்கியம், பல அடுக்குமாடி வீடுகளில் கதவு நிலை குறுகலாக இருக்கும்.

இன்னொன்று: சந்தைகளில் பழைய, மங்கிப்போன கிளாஃப்களையும் யூத மறைநூலான தோராவின் ஏட்டுத் துண்டுகளையும் சட்டம் போட்டு நினைவுப் பொருளாக விற்பார்கள். அதை வாங்கிப் பரிசளிக்காதீர்கள். பழுதான மறையேட்டை மரியாதையோடு புதைக்கிற மக்கள் அவர்கள். சுவரில் மாட்டக் கொடுத்தால் மனம் நோகும்.

3. கிடுஷ் கோப்பையும் வெள்ளியும்

வெள்ளிக்கிழமை இரவு திராட்சை ரசம் நிறைத்து ஆசி சொல்லும் கோப்பை இது. கல்யாணத்துக்கும் பார் மிட்ஸ்வாவுக்கும் இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. வாரம் தவறாமல் கையில் எடுப்பார்கள்.

கொள்ளளவை முதலில் பாருங்கள். குறைந்தது ஒரு 'ரெவியித்' பிடிக்க வேண்டும். அது எத்தனை மில்லி என்பதில் ரபிகளுக்குள் இரண்டு கணக்கு உண்டு: ஒரு கணக்கில் 86 மி.லி., கடுமையான கணக்கில் 150 மி.லி. எந்தக் கணக்கைப் பின்பற்றும் வீடு என்று தெரியாவிட்டால் 150 மி.லி. பிடிப்பதாக வாங்கிவிடுங்கள், யாருக்கும் குறை இருக்காது. கடையில் நிற்கும்போதே தண்ணீர் ஊற்றி அளக்கச் சொல்லலாம், நல்ல கடைக்காரர்கள் அலுத்துக்கொள்வதில்லை. குழந்தைக்கென்று விற்கிற குட்டிக் கோப்பைகள் பிறந்த குழந்தைக்கு அருமையான பரிசு. ஆனால் பெரும்பாலும் இந்த அளவுக்கு வராது, பெரியவர்கள் கிடுஷுக்கு எடுக்க முடியாது. விளிம்பில் நெளிவோ பிளவோ இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது வெள்ளிக்கு வருவோம். கடையில் 'வெள்ளி' என்ற ஒரே சொல்லில் மூன்று விதமான பொருள்களைக் காட்டுவார்கள்.

முதலாவது ஸ்டெர்லிங்: 92.5 சதவீதம் வெள்ளி, '925' என்று முத்திரை இருக்கும். இரண்டாவது முலாம்: பித்தளையோ நிக்கல் கலவையோ உள்ளே, மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் சில ஆண்டுகளில் உள்நிறம் எட்டிப் பார்க்கும். மூன்றாவதில்தான் ஆபத்து அதிகம். அச்சின் மேல் மின்முறையில் வெள்ளியைப் படியவைத்து எடுக்கும் மெல்லிய ஓடு அது. அதிலும் '925' முத்திரை இருக்கலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஓடு மெல்லியது, கீழே விழுந்தால் நசுங்கும், பழுது பார்ப்பது சிரமம். மெழுகுவர்த்தித் தாங்கிகளில் உள்ளே பிசினோ சிமென்டோ நிரப்பி எடை ஏற்றியிருப்பார்கள். எனவே கையில் தூக்கிப் பார்த்து 'கனமாக இருக்கிறதே' என்று திருப்திப்பட வேண்டாம். "உள்ளே என்ன நிரப்பியிருக்கிறது? வெள்ளி மட்டும் எத்தனை கிராம்?" இந்த இரண்டையும் கேளுங்கள். பதிலைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

வெள்ளி விலை அன்றாடம் மாறும். 2025-இல் கடுமையாக ஏறியது, அதற்கு முந்தைய விலைப் பட்டியலை நம்பி பட்ஜெட் போடாதீர்கள். எடைக்கான விலை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்பது நமக்கு நகைக்கடையில் பழகிய விஷயம்தானே, இங்கேயும் கேளுங்கள். கைவேலை என்றால் செய்கூலிதான் பெரும்பங்கு, அது நியாயமும்கூட.

ஏமன் நாட்டு யூதர்களின் வெள்ளிக்கம்பி வேலையை ஒருமுறையாவது பட்டறையில் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நூல் போன்ற இரண்டு வெள்ளிக் கம்பிகளை முறுக்கி, தட்டையாக்கி, சிறு இடுக்கியால் சுருள் சுருளாக வளைத்துச் சட்டத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள். மேலே பற்றுப்பொடியைத் தூவி, ஊதுதீயை வட்டமாக ஓட்டுகிறார்கள். தீ ஒரு நொடி கூடினால் பொடி உருகி இடைவெளிகளில் ஓடி அடைத்துவிடும், அதுவரை செய்த வேலை வீண். போலியைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. அச்சில் வார்த்ததைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் மொழுமொழுவென்று ஒரே பரப்பாக இருக்கும். கையால் செய்ததில் முறுக்கிய கம்பி தனித்தனியாகத் தெரியும்.

எல்லாம் வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. நிறமேற்றிய அலுமினியம், கண்ணாடி, ஜெருசலேம் கல், ஒலிவ மரம் இவற்றில் அருமையாகச் செய்யும் கலைஞர்கள் இருக்கிறார்கள். யாயிர் எமானுவெலின் ஜெருசலேம் கூடத்தில் கையால் வண்ணம் தீட்டிய மரப்பொருள்களும் பூவேலைத் துணிகளும் பெயர் பெற்றவை. வெள்ளியில் பழைய பெரிய நிறுவனம் என்றால் ஹட்சோர்ஃபிம். பட்ஜெட் குறைவாக இருந்தால் முலாம் பூசிய கோப்பையைவிட நல்ல கலைஞர் செய்த அலுமினியக் கோப்பையே மேல் என்பேன். பல ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கும்.

'கைவேலை' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்தியாவிலும் சீனாவிலும் தொழிற்சாலையில் செய்து இறக்கும் பொருள்களும் அதே அலமாரியில் நிற்கின்றன. அடியில் கலைஞர் கையொப்பமோ முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். யார் செய்தது, எந்த ஊர் என்று கேளுங்கள். கைவேலையை விற்பவருக்கு அதைச் சொல்வதில் சந்தோஷம்தான் இருக்கும்.

பழங்காலப் பொருள் என்று சொல்வதைப் புதிதாக வாங்குபவர்கள் தொடவே வேண்டாம். பழைய ரஷ்ய முத்திரையான '84'-ஐப் போலியாகக் குத்தி விற்பது நெடுநாளாக நடக்கிற வேலை.

4. விளக்குகள்

ஷப்பாத் மெழுகுவர்த்தித் தாங்கி ஜோடியாக வரும். குறைந்தது இரண்டு விளக்கு என்பது பரவலான வழக்கம். பல வீடுகளில் குழந்தைக்கு ஒன்று என்று கூட்டிக்கொண்டே போவார்கள், அவர்களுக்குப் பல கிளைத் தாங்கியோ விளக்குகளை வைக்கும் தட்டோ பொருந்தும். ஏற்றிய பிறகு ஷப்பாத் முடியும்வரை தாங்கியை நகர்த்த மாட்டார்கள். அதனால் அடிப்பாகம் அகலமாக, ஆடாமல் நிற்க வேண்டும். சின்ன வீட்டுக்கு ஆளுயரத் தாங்கி வாங்கினால் சாப்பாட்டு மேசையில் இடமே இருக்காது. கீழே வைக்க ஒரு தட்டும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. எண்ணெயில் ஏற்றும் வீடு என்றால் குழிக்குள் கண்ணாடிக் குப்பி உட்காருமா என்று வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஹனுக்கா விளக்கில் பெரிய குழப்பம் கிளைகளின் எண்ணிக்கை. இஸ்ரேலின் அரசுச் சின்னத்தில் இருக்கும் ஏழு கிளை மெனோராவை ஹனுக்காவுக்கு ஏற்ற முடியாது. அதற்கு வேண்டியது எட்டு விளக்கும், தனியே நிற்கும் ஒன்பதாவது 'ஷமாஷ்' விளக்கும் உள்ள ஹனுக்கியா. எட்டும் ஒரே உயரத்தில், ஒரே வரிசையில் இருப்பது பாதுகாப்பு. கலைநயம் என்று மேலும் கீழுமாக, வட்டமாகச் செய்தவை நிறைய விற்கின்றன. கடைப்பிடிக்கும் வீட்டில் அவற்றை ஏற்றத் தயங்குவார்கள். விளக்குகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும், இரண்டு சுடர் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது. இருட்டிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் எரிய வேண்டும் என்பதால் எண்ணெய்க் குழி அதற்குத் தாங்க வேண்டும். மரத்தில் செய்தது என்றால் குழிகளில் உலோகத் தகடு இருக்கிறதா பாருங்கள். ஹனுக்காவுக்கான மெழுகுவர்த்தி 44 உள்ள பெட்டியாக விற்கும், எட்டு இரவுக்கும் சரியாக வரும் கணக்கு அது. ஒரு பெட்டி வாங்கி அதிலிருந்து ஒன்றை எடுத்துக் குழியில் நிறுத்திப் பார்த்து, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

5. மற்றவை சுருக்கமாக

கை கழுவும் செம்பு: இரண்டு கைப்பிடி, சமமான விளிம்பு, மூக்கு இருக்கக் கூடாது. தினமும் தண்ணீரில் கிடக்கும் பொருள், வெள்ளி இதற்கு வேண்டாம்.

ஹவ்தலா தொகுப்பு: ஷப்பாத் முடிவில் எடுப்பது. கோப்பை, பல திரி பின்னிய மெழுகுவர்த்திக்குத் தாங்கி, கிராம்பு பட்டை போடும் வாசனைப் பெட்டி. கோபுர வடிவப் பெட்டிகள் கொள்ளை அழகு. திறந்து பழைய கிராம்பைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட முடிகிறதா என்று மட்டும் திறந்து மூடிப் பாருங்கள்.

பெசா இரவு விருந்தில் வைக்கும் செடர் தட்டு: பொதுவாக ஆறு பொருளுக்கு இடம். பீங்கான் என்றால் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று அடியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தால் மெருகில் ஈயம் இருக்கலாம், மேலே வைக்கத் தனிக் கண்ணாடிக் கிண்ணங்கள் வேண்டும். மட்ஸா என்கிற புளிக்காத ரொட்டிக்கு உறை வாங்கினால் கையால் செய்த வட்ட மட்ஸா பெரிது என்பது நினைவிருக்கட்டும், சின்னச் சதுர உறைக்குள் அது நுழையாது.

6. பெயர் பொறிப்பதில் கவனம்

பெயரும் நாளும் பொறித்தால் பரிசுக்கு ஒரு தனி உறவு வந்துவிடும். ஆனால் ஹீப்ரு வலமிருந்து இடம் எழுதும் மொழி. சில மென்பொருளில் ஒட்டும்போது எழுத்து வரிசை தலைகீழாகிவிடும். தாலெத்–ரெஷ், ஹே–ஹெத், பெத்–காஃப் என்று பார்க்க ஒன்றுபோல இருக்கும் ஜோடிகள் வேறு. உங்களுக்கு எழுத்து தெரியாவிட்டால் குடும்பத்தில் ஒருவரை எழுத்துக்கூட்டிக் கைப்பட எழுதித் தரச் சொல்லுங்கள். பொறிப்பதற்கு முன் கடைக்காரர் அனுப்பும் மாதிரிப் படத்தையும் அவரிடமே காட்டிச் சரி வாங்குங்கள். பொறித்த பிறகு பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

வேத வசனம் பொறிக்க ஆசைப்பட்டால் அதில் இறைவன் பெயர் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அந்தப் பொருளைச் சாதாரணமாக வைத்துப் புழங்கவோ தூக்கிப்போடவோ முடியாது. பெயர், நாள், ஊர் போதும்.

7. எங்கே வாங்குவது, எப்போது வாங்குவது

ஜெருசலேமில் யாஃபா வாசலுக்கு வெளியே இருக்கும் ஹுட்சோத் ஹயோட்ஸர் கலைஞர் தெருவில் செய்பவர்களிடமே வாங்கலாம். பழைய நகரத்து யூதர் பகுதியில் உள்ள கார்டோ கடைத்தெரு, பழைய நகரத்துக்கு வெளியே உள்ள கிங் டேவிட் தெரு இரண்டிலும் உயர்ரகம், விலையும் அப்படியே. மெயா ஷெயாரிம் பக்கம் உள்ளூர் மக்கள் வாங்கும் வெள்ளிக் கடைகள் உண்டு, விலை பெரும்பாலும் நியாயம். ஆணோ பெண்ணோ கைகால் மூடிய உடையில் போங்கள். டெல் அவிவில் நஹலத் பின்யாமின் தெருவில் செவ்வாயும் வெள்ளியும் கைவினைச் சந்தை. சின்னப் பரிசுகளுக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஜெருசலேமில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், சனி இருட்டும்வரை மூடித்தான் கிடக்கும். செப்டம்பர்–அக்டோபரில் ரோஷ் ஹஷானாவிலிருந்து சுக்கோத் பண்டிகை முடியும்வரை பட்டறைகள் பாதி நாள் இயங்காது. டிசம்பர் ஹனுக்காவுக்குச் சொல்லிச் செய்வதாக இருந்தால் அந்த விடுமுறைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெசாவுக்கும் அதன்பின் வரும் ஷாவுவோத் பண்டிகைக்கும் நடுவே பெரும்பாலான நாள்களில் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் ஷாவுவோத் முடிந்ததும் கல்யாணங்கள் குவியும், பெயர் பொறிப்பவரிடமும் கூட்டம் குவியும். சொல்லிச் செய்யும் பொருளுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். 'ஒரு வாரத்தில் தருகிறேன்' என்று ஒரு கடையில் சொன்ன தட்டு, கல்யாணம் முடிந்து மணமக்கள் ஊருக்குப் போன பிறகே என் கைக்கு வந்தது. விழா நாளைச் சொல்லாமல், அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியைக் கெடுவாகச் சொல்லி பில்லில் எழுதி வாங்குங்கள்.

8. காகிதங்கள், வரி, விமானம்

பில்லில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், உலோகத் தூய்மை, வெள்ளியின் கிராம், கலைஞர் அல்லது தயாரிப்பாளர் பெயர், முலாம் என்றால் முலாம் என்ற சொல். கிளாஃப் வாங்கினால் எழுத்தர் யார், சரிபார்த்தவர் யார் என்று சொல்லும் சான்றுத்தாள் வேண்டும். கணினியில் ஒரு முறை, மனிதக் கண்ணால் ஒரு முறை சரிபார்ப்பது இப்போது வழக்கம்.

இஸ்ரேலில் மதிப்புக்கூட்டு வரி 2025 ஜனவரி முதல் 18 சதவீதம். சுற்றுலா விசாவில் வந்தவர்கள், திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் வாங்கினால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். பில், படிவம், பொருள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பெட்டியைச் செக்-இன் செய்யுமுன் அந்த வேலையை முடித்துவிடுங்கள். வேலை விசாவில் இருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பரிசுத்தாள் சுற்றாதீர்கள், பென் குரியோன் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பிரிக்கச் சொல்வார்கள். ஹல்லா கத்தி கைப்பையில் போகாது. தபாலில் அனுப்பினால் காப்பீடும், போய்ச் சேரும் நாட்டின் சுங்கவரியும் யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

9. கொடுக்கும்போது

யூதர் அல்லாதவர் கையிலிருந்து வரும் உணவு, பானப் பாத்திரம் உலோகமோ கண்ணாடியோ என்றால், கடைப்பிடிக்கும் வீட்டில் அதை முதலில் மிக்வே என்கிற சடங்குக் குளத்து நீரில் முழுக்காட்டிவிட்டுத்தான் புழங்குவார்கள். கிடுஷ் கோப்பைக்கு இது உண்டு, மெழுகுவர்த்தித் தாங்கிக்கு இல்லை. நம்மைக் குறைத்துப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம், கடையில் வாங்கும் சட்டிக்கும் அவர்கள் அதையே செய்கிறார்கள். நீர் எல்லா இடத்திலும் பட வேண்டும் என்பதால் விலைச்சீட்டையும் பசையையும் சுத்தமாக எடுத்துவிட்டுக் கொடுங்கள். கோப்பையைத் தட்டோடு பசை போட்டு ஒட்டித் தரச் சொல்லாதீர்கள். 'இதை இன்னும் முழுக்காட்டவில்லை' என்று ஒரு சீட்டு வைத்தால் மிகவும் மகிழ்வார்கள். வாயால் சொன்னாலும் போதும்.

ஷப்பாத் விருந்துக்கு அழைத்திருந்தால் பரிசை வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். இரவு கையில் பையோடு போய் நிற்க வேண்டாம்.

வெள்ளியாக இருந்தால் பராமரிப்பையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். திராட்சை ரசம் ஊற்றிய கோப்பையை அன்றே வெறும் நீரில் அலச வேண்டும் (ஷப்பாத்தில் முடியாதென்றால் முடிந்ததும்). உப்பு பட்டால் அரிக்கும், அதனால் உப்புக் கிண்ணத்துக்குள் கண்ணாடிக் குழி இருப்பதாகப் பாருங்கள். நம் வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல விபூதியோ பற்பசையோ போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது. ஏமன் வேலைப்பாட்டில் குழிகளில் வேண்டுமென்றே கருக்க வைத்திருக்கும் நிறம் போய்விடும், கம்பிச் சுருளும் நெளியும். மெழுகு வழிந்தால் கத்தியால் சுரண்டாமல் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து இளக்கி எடுக்க வேண்டும். உள்ளே பிசின் நிரப்பிய தாங்கியை வெந்நீரில் முக்கி வைக்கக் கூடாது, நிரப்பியது இளகிவிடும். கடைக்காரரிடம் துடைக்கும் துணி ஒன்று கேட்டு வாங்கி, பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.